மீன் பெருகிச்சு, ஆனா எந்த மீன்? காவிரி மஹ்சீரும் லோனாவாலா குஞ்சுகளும்

இது எபிசோடின் எழுத்து வடிவம். பேசும்போது வந்த திக்கல்கள், திரும்பத் திரும்பச் சொன்னவை எல்லாம் எடுத்துட்டு, படிக்க வசதியா கொஞ்சம் மாத்தியிருக்கோம்.

போன எபிசோடுல நம்ம தென்சென்னை ஏரிகளைப் பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் தாம்பரத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். "ப்ரோ, எங்க பக்கம் ஏரியில மீன் குஞ்சு விட்டாங்க. பிளாஸ்டிக் கவர்ல ஆக்சிஜன் அடிச்சுக் கொண்டுவந்து, போட்டோ எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. இது நல்ல விஷயம்தானே? எங்க மாமா மட்டும், 'விடுற மீன் இருக்குற மீனைத் தின்னுடும்'னு சொல்றார். யார் சொல்றது சரி?"

முதல்ல நான் "நல்லதுதான் அண்ணா, மாமாகிட்ட சொல்லிடுங்க"ன்னு டைப் பண்ணிட்டேன். அனுப்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிச்சுப் பார்ப்போமேன்னு உட்கார்ந்தேன். ரெண்டு வாரம் ஓடிப்போச்சு. அந்த மெசேஜை நான் அனுப்பவே இல்ல. அதுக்குப் பதிலா இந்த எபிசோடு.

மாமா சொன்னது ஏரிக்குப் பாதி சரி. ஆத்துக்கும் ஓடைக்கும் கிட்டத்தட்ட முழுசாவே சரி. "தின்னுடும்"ங்கற வார்த்தையை மட்டும் மாத்தணும். தின்னாமலேயே ஒரு மீன் இன்னொரு மீனை இல்லாம ஆக்க முடியும். அதுவும், ஆத்துல மீன் பெருகிட்டே இருக்குன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டுட்டு இருக்கும்போதே நடக்கலாம். அது நடந்த இடம் நம்ம காவிரி.

பெரிய மீனின் கதை

காவிரியில ஒரு மீன் இருக்கு. இங்கிலீஷ்காரங்க வச்ச பேரு திமில் மஹ்சீர். தலைக்குப் பின்னாடி, முதுகு ஆரம்பிக்கிற இடத்துல காளைமாட்டுக்கு இருக்கிற மாதிரி ஒரு எழும்பல். துடுப்பு எல்லாம் ஆரஞ்சு நிறம். செதில் ஒவ்வொண்ணும் பெருசா இருக்கும். கெண்டை மீன் குடும்பம்தான், ஆனா நம்ம குழம்புக் கெண்டையை மனசுல வச்சுக்காதீங்க. 1946-ல மைசூருக்குப் பக்கத்துல கபினி ஆத்துல வான் இங்கென் தூண்டில்ல பிடிச்ச மஹ்சீரோட எடை 120 பவுண்டு. கிட்டத்தட்ட 54 கிலோ. வான் இங்கென் குடும்பம்னா, புலி சிறுத்தையைப் பாடம் பண்ணி மகாராஜாக்களுக்குக் கொடுத்துட்டு இருந்த மைசூர் குடும்பம். அந்த ரெக்கார்டைப் பத்தி தூண்டில்காரங்க இன்னைக்கும் பேசுறாங்க.

இது குளத்து மீன் இல்ல. பாறை, வேகமான தண்ணி, ஆழமான மடு, இது எல்லாம் வேணும். காவிரியில மேகேதாட்டுக்கு மேல, கீழ ஒகேனக்கல் வரைக்கும் அந்த மாதிரி இடங்கள் நிறைய. பவானி, மோயாறு, கபினி, பாம்பாறுன்னு காவிரிக்கு வந்து சேர்ற ஆறுகள்லயும் உண்டு. உலகத்துல வேற எந்த ஆத்துலயும் இந்த மீன் கிடையாது. காவிரியும் அதோட கிளைகளும் மட்டும்தான்.

ஆனா அணைகள் வந்தது. மேட்டூர் 1934-ல முடிஞ்சது. வெடி வச்சு மீன் பிடிக்கிறது பரவிச்சு. வெடி வச்சா பெருசு, சிறுசு, சினை மீன் எதுவும் தப்பிக்காது. 1970-களுக்கு வரும்போது மஹ்சீர் இந்தியா முழுக்கவே குறைஞ்சுட்டு வருதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு. அப்போ யோசிச்ச தீர்வு, இன்னைக்கும் எல்லாரும் முதல்ல யோசிக்கிற தீர்வுதான். மீன் குறைஞ்சுதா? குஞ்சு பொரிச்சு விடு.

லோனாவாலா

மும்பைக்கும் புனேவுக்கும் நடுவுல லோனாவாலா. சிக்கிக்கு ஃபேமஸ். அங்கே டாடா மின் நிறுவனத்துக்கு நீர்மின்சாரத்துக்காகக் கட்டின ஏரிகள் இருக்கு. அந்த ஏரிகள்ல இருந்த மஹ்சீரைக் காப்பாத்தணும்னு 1970 வாக்குல அவங்க ஒரு பொரிப்பகம் ஆரம்பிச்சாங்க. ஒரு மின்சாரக் கம்பெனி மீன் வளர்க்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. நல்ல எண்ணத்துலதான் பண்ணாங்க, பொறுமையாவும் பண்ணாங்க. இதை இப்பவே சொல்லிடறேன். ஏன்னா இந்தக் கதையில வில்லன்னு யாரையும் காட்ட முடியாது. அதுதான் இதுல கஷ்டமான விஷயமே.

பொரிப்பகத்துல என்ன நடக்கும்? முட்டை முத்தின சினை மீனைப் பிடிச்சு, வயித்தை மெதுவா தலைப்பக்கத்துல இருந்து வால் பக்கம் அழுத்திவிடுவாங்க. முட்டை தட்டுல கொட்டும். ஆண் மீனையும் அதே மாதிரி அழுத்தி விந்தை அது மேல விட்டு, இறகால மெதுவா கலக்குவாங்க. அப்புறம் கழுவி, சுத்தமான தண்ணி ஓடுற தட்டுகள்ல வச்சா சில நாள்ல பொரிஞ்சுடும். ஆத்துல ஆயிரம் முட்டைக்கு எத்தனை பிழைக்கும்? ரொம்பக் கொஞ்சம். இங்கே பெரும்பாலானது பிழைக்கும். கணக்குப் பார்த்தா பொரிப்பகம் அற்புதமான மெஷின். நம்ம நாட்டு மீன் வளர்ப்பே இந்த மாதிரி ஒரு கண்டுபிடிப்பு மேலதான் நிக்குது. 1957 ஜூலை 10-ல ஒடிசாவில அங்குல்ங்கற ஊர்ல ஹீராலால் சௌத்ரி, ஹார்மோன் ஊசி போட்டு கெண்டை வகை மீன்களைக் குளத்துலயே முட்டை விட வச்சுக் காட்டினார். அதனாலதான் ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் தினம். இன்னைக்கு மார்க்கெட்டுல நீங்க வாங்கற கட்லா, ரோகு எல்லாத்துக்கும் பின்னாடி அந்த ஊசி இருக்கு.

லோனாவாலாவுக்கு வருவோம். அங்கே வளர்த்த மஹ்சீர் நீலத்துடுப்பு மஹ்சீர். அறிவியல் பேரு டோர் குட்ரீ. 1839-ல சைக்ஸ்ங்கற ஆங்கிலேய அதிகாரி புனே பக்கம் ஓடுற ஆத்துல இருந்து விவரிச்ச மீன். அந்தத் தண்ணி பீமாவுல சேர்ந்து கிருஷ்ணாவுக்குப் போகும். அதாவது இது கிருஷ்ணா ஆத்து மீன். காவிரி மீன் இல்ல.

ஆனா அன்னைக்கு மஹ்சீர்னா மஹ்சீர்தான். எது எந்த இனம்னு யாரும் தெளிவா பிரிச்சிருக்கல. லோனாவாலாவில பொரிச்ச விரலிகள், அதாவது விரல் நீளத்துக்கு வளர்ந்த குஞ்சுகள், பல மாநில மீன்வளத் துறைகளுக்குப் போச்சு. கர்நாடகத்துக்கும் வந்தது. அங்கே காவிரியில விட்டாங்க. குறைஞ்சுபோன மஹ்சீரை மஹ்சீராலேயே நிரப்பறாங்க. இதுல என்ன தப்பு இருக்க முடியும்?

டேஷ்போர்டு முழுக்க பச்சை

என் வேலை சாஃப்ட்வேர். சர்வர் நல்லா ஓடுதான்னு பார்க்க டேஷ்போர்டு வச்சிருப்போம். எல்லாம் பச்சையா இருந்தா நிம்மதியா தூங்குவோம். ஒருமுறை எங்க டீம்ல ரிக்வெஸ்ட் எண்ணிக்கை கிடுகிடுன்னு ஏறுது, பிசினஸ் சூப்பரா போகுதுன்னு நினைச்சோம். பார்த்தா பாட் ட்ராஃபிக். நிஜமான ஆட்கள் குறைஞ்சுட்டு இருந்திருக்காங்க. மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்ததால யாருக்கும் தெரியல. காவிரியில நடந்ததும் அதேதான், ரொம்பப் பெரிய அளவுல.

காவிரிக் கரையில, கர்நாடகப் பக்கம், கலிபோரே, பீமேஷ்வரி மாதிரி இடங்கள்ல தூண்டில் முகாம்கள் இருந்தது. வெளிநாட்டுக்காரங்க நிறைய வருவாங்க. பரிசல்ல போய், தூண்டில் போட்டு, பிடிச்ச மீனை எடை போட்டு, போட்டோ எடுத்துட்டு, திரும்ப ஆத்துலயே விட்டுடணும். அதுதான் விதி. பழைய வேட்டைக்காரங்க சிலர் அங்கே காவலாளி, வழிகாட்டின்னு வேலைக்குச் சேர்ந்தாங்க. வெடி வைக்கிறதும் குறைஞ்சது. கலிபோரே முகாம்ல பிடிச்ச மீனையெல்லாம் நோட்டுல எழுதி வச்சிருந்தாங்க. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டாங்க, எந்த மீன், எவ்வளவு எடைன்னு. 2012-ல வனவிலங்குச் சட்டத்தைக் காட்டி, பாதுகாக்கப்பட்ட பகுதிகள்ல தூண்டில் போடுறது நிறுத்தப்பட்டப்போ இந்த நோட்டும் நின்னுபோச்சு.

அந்த நோட்டுகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன்னு மூணு ஆய்வாளர்கள் எடுத்து அலசினாங்க. 1998-ல இருந்து 2012 வரைக்கும். மொத்தம் 23,620 மணி நேரத் தூண்டில் உழைப்பு, 6,161 மஹ்சீர். மீனைக் கொல்லாம, ஆய்வுக்கப்பல் எதுவும் இல்லாம, பொழுதுபோக்குக்கு வந்தவங்க எழுதி வச்ச டேட்டா. இந்தியாவுல ஒரு ஆத்து மீனுக்கு இந்த மாதிரி தொடர்ச்சியான பதிவு கிடைக்கிறது அபூர்வம்.

மொத்தமா பார்த்தா செய்தி அருமை. வருஷத்துக்கு வருஷம், ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கிற மீன் எண்ணிக்கை கூடிட்டே வருது. சராசரி எடை குறையுது. அப்படின்னா சின்ன மீன் நிறைய வருது, இனம் பெருகுது, பாதுகாப்பு வேலை செய்யுது. டேஷ்போர்டு பச்சை.

அப்புறம் அந்த டேட்டாவை ரெண்டா பிரிச்சாங்க. நீலத்துடுப்பு தனியா, ஆரஞ்சுத் துடுப்புத் திமில் மீன் தனியா. அங்கேதான் எல்லாம் தலைகீழாச்சு. பெருகினது எல்லாம் நீலத்துடுப்பு. பிடிபட்டதுல பெரும்பகுதி அதுதான். திமில் மீன் எண்ணிக்கை குறைஞ்சுட்டே வந்திருக்கு. ஆனா, இதைக் கவனிங்க, பிடிபடற திமில் மீன் ஒவ்வொண்ணும் முன்னைவிட பெருசா இருந்திருக்கு.

தூண்டில் போடுறவங்களுக்கு இது சந்தோஷம். பெரிய மீன் கிடைக்குது, போட்டோ நல்லா வருது. ஆனா இதோட அர்த்தம் என்ன? ஒரு கிராமத்துக்குப் போறீங்க. வருஷா வருஷம் ஆட்கள் குறையறாங்க, இருக்கிறவங்களோட சராசரி வயசு மட்டும் ஏறிட்டே போகுது. அங்கே என்ன நடக்குது? குழந்தை பிறக்கல. காவிரியிலயும் அதேதான். கிழட்டு மீன் மட்டும் மிச்சம் இருந்தது, குஞ்சு வரவே இல்ல.

2015-ல அவங்க வெளியிட்ட கட்டுரையோட தலைப்புலயே, இந்த மீன் அழிவை நோக்கி நீந்துதான்னு கேட்டிருந்தாங்க. அணை, மணல், வெடி எல்லாத்துக்கும் இதுல பங்கு இருக்குன்னு அவங்களே சொல்றாங்க. ஆனா அந்த அணையும் வெடியும் நீலத்துடுப்புக்கும் பொதுதானே? ஒண்ணு பெருகுது, இன்னொண்ணு கரையுது. இடையில வெளியில இருந்து வந்து சேர்ந்தது பொரிப்பகக் குஞ்சு மட்டும்தான்.

பேரில்லாத மீனைக் காப்பாத்துறது எப்படி

அந்தக் கட்டுரை வந்தப்போ கூட, திமில் மீனுக்கு அறிவியல் பேரு கிடையாது. டோர் இனத்துல ஏதோ ஒண்ணுன்னுதான் எழுத முடிஞ்சது. ஒன்றரை நூற்றாண்டா உலகப் புகழ் பெற்ற மீன், ஆனா அதிகாரப்பூர்வமா அப்படி ஒரு மீனே இல்ல. பேரு இல்லைன்னா ஐ.யு.சி.என் சிவப்புப் பட்டியல்ல சேர்க்க முடியாது. பட்டியல்ல இல்லைன்னா பாதுகாப்புத் திட்டமும் இல்ல, பணமும் இல்ல. ஆதார் இல்லாதவருக்கு ரேஷன் இல்லைங்கற கதைதான்.

மாதிரி எடுக்கலாம்னா மீன் கிடைக்கணுமே. அதுதான் பிரச்சினை. கடைசியில மீன் கிடைச்சது நம்ம மோயாறுல. முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்கு நடுவுல, பெரிய பள்ளத்தாக்குல ஓடி பவானிசாகர்ல வந்து சேர்ற ஆறு. யானையும் புலியும் இருக்கிற இடம், மனுஷங்க அதிகம் போக முடியாது. அதனாலேயே மீன் மிஞ்சியிருந்தது. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோட மணிமேகலன், சென்னையைச் சேர்ந்த மீன் ஆய்வாளர் மார்கஸ் நைட், இவங்களும் அந்தக் குழுவுல இருந்தாங்க. உடல் அமைப்பையும் டி.என்.ஏ-வையும் ஒப்பிட்டுப் பார்த்ததுல பதில் கிடைச்சது. இந்த மீனுக்கு ஏற்கனவே ஒரு பேரு இருந்திருக்கு!

கேரளாவில சின்னாறு பக்கம் ஓடுற பாம்பாறுல இருந்து, குரூப், ராதாகிருஷ்ணன்னு ரெண்டு ஆய்வாளர்கள் சில வருஷங்களுக்கு முன்னாடியே ஒரு மஹ்சீரைப் புது இனமா விவரிச்சிருந்தாங்க. டோர் ரெமாதேவியை. சென்னையில இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில வேலை பார்த்த மீன் அறிஞர் ரெமா தேவி அவங்களோட பேரு. ஆனா அவங்க விவரிச்சது இளம் மீன்களை வச்சு. குட்டியில திமில் தெரியாது. அதனால அந்தச் சின்ன மீனும் காவிரியோட இந்த 50 கிலோ மீனும் ஒண்ணுன்னு யாருக்கும் தோணல. பாம்பாறு தண்ணி அமராவதி அணைக்கு வந்து, அங்கிருந்து காவிரிக்குத்தான் வருது. ரூட் மேப்பைப் பார்த்தா பளிச்சுன்னு தெரியும், ஆனா பார்க்கணுமே.

2018 ஜூன்ல கட்டுரை வெளியாச்சு. அதே வருஷம் நவம்பர்ல ஐ.யு.சி.என் இந்த மீனை 'மிக அருகிய இனம்'னு அறிவிச்சது. அதுக்கு அடுத்த படி காட்டுல அழிஞ்சது, அவ்வளவுதான். அதே சமயம் நீலத்துடுப்பு மஹ்சீர் 'அருகிய இனம்' பட்டியல்ல இருந்து 'கவலை குறைவு'க்கு மாறிச்சு.

(ஆடியோவில் ரெண்டும் ஒரே கட்டுரையில் வந்த மாதிரி சொல்லிட்டேன். 2015 கட்டுரை வேற, 2018 கட்டுரை வேற. இங்கே திருத்தியிருக்கேன்.)

தொட்டியில் பாஸ், ஆத்துல ஃபெயில்

"சரி, தப்பான இனத்தை விட்டாங்க. அதே இனத்தை விட்டிருந்தா பிரச்சினை இல்லையே?" இப்படிக் கேட்டா அது நல்ல கேள்வி. நானும் அதைத்தான் நினைச்சேன். அங்கேயும் சிக்கல் இருக்கு.

அமெரிக்காவுல ஒரிகான் மாநிலத்துல ஹூட்னு ஒரு ஆறு. அங்கே ஸ்டீல்ஹெட்னு ஒரு மீன். கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டை விட ஆத்துக்குத் திரும்பி வரும். நம்ம நீலகிரியில அவலாஞ்சி பொரிப்பகத்துல 1907-ல இருந்து வளர்க்கிற ரெயின்போ ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம்தான், அது கடலுக்குப் போகாத வகை. ஹூட் ஆத்துல ஒரு அணை இருந்தது. திரும்பி வர்ற மீன் எல்லாம் அங்கே ஒரு கூண்டு வழியாத்தான் மேல போகணும். 1991-ல இருந்து அங்கே வர்ற ஒவ்வொரு மீன்கிட்டயும் செதில் எடுத்து வச்சிருந்தாங்க. அந்த டி.என்.ஏ-வை வச்சு ஒவ்வொரு மீனுக்கும் அப்பா அம்மா யாருன்னு கண்டுபிடிச்சு, குடும்ப மரமே போட்டுட்டாங்க.

2007-ல சயின்ஸ் இதழ்ல முடிவு வந்தது. மீனை வளர்ப்புத் தொட்டியில ஒவ்வொரு தலைமுறை வச்சிருக்கும்போதும், காட்டுக்குத் திரும்பினா அது குஞ்சு பெத்து வளர்க்கிற திறன் சுமார் 40 சதவீதம் குறையுது. அடுத்த தலைமுறையையும் தொட்டியில வச்சா, மிச்சம் இருக்கிறதுல இன்னும் 40. வெளியூர் மீன் இல்ல, அதே ஆத்து மீன், அதே இனம்.

காரணம் என்ன? ஆத்துல பிழைக்கத் தேவையானது ஒண்ணு, தொட்டியில பிழைக்கத் தேவையானது வேற ஒண்ணு. தொட்டியில தீனி மேல இருந்து விழும். மேல நிழல் தெரிஞ்சா சாப்பாடுன்னு ஓடிவர்ற குஞ்சு கொழுக்கும். ஆத்துல மேல நிழல் தெரிஞ்சா அது மீன்கொத்தியா இருக்கும், ஓடி ஒளியணும். தொட்டியில நெருக்கடி, சண்டை போடுற குஞ்சு ஜெயிக்கும். ஆத்துல தேவையில்லாம சண்டை போட்டா சக்திதான் வீண். ஆத்துல சாக வேண்டிய குஞ்சு தொட்டியில சாகாம வளர்ந்துடுது. எங்க பாஷையில சொல்லணும்னா, டெஸ்ட் என்விரான்மென்ட்ல மட்டும் ஓடுற கோடை, லட்சக்கணக்குல காப்பி எடுத்து ப்ரொடக்‌ஷன்ல போடறோம்.

அதுலயும் பெற்றோர் கொஞ்சம் பேர்தான். பத்து இருபது சினை மீன்ல இருந்து ஆயிரக்கணக்கான குஞ்சு. எல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி. ஆத்துல விட்டா காட்டு மீனோட கலக்கும். அப்போ பலவீனம் தொட்டி மீனோட நின்னுடாது, காட்டு மீனோட பிள்ளைகளுக்கும் போகும். சின்ன ஓடையில இது இன்னும் மோசம், ஏன்னா அங்கே காட்டு மீன் எண்ணிக்கையே குறைவு. நூறு மீன் இருக்கிற ஓடையில பத்தாயிரம் குஞ்சைக் கொட்டினா யார் யாரோட கலக்கறாங்க?

கலக்காட்டியும் இடப்போட்டி இருக்கு. இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் அமெரிக்காவோட மொன்டானா மாநிலம். அங்கே டிக் வின்சென்ட்னு ஒரு அரசு உயிரியலாளர். 1960-கள் கடைசியில, மேடிசன் ஆத்துல மீன் குஞ்சு விட்டுட்டு இருந்த ஒரு பகுதியில விடறதை நிறுத்தினார். பக்கத்துல ஓடெல்னு ஒரு ஓடை, அதுவரைக்கும் குஞ்சே விடாத இடம், அங்கே விட ஆரம்பிச்சார். நாங்க பண்ற ஏ/பி டெஸ்ட் மாதிரியே! விடறதை நிறுத்தின இடத்துல காட்டு மீன் கூடிச்சு. புதுசா விட்ட ஓடையில காட்டு மீன் குறைஞ்சது. தூண்டில்காரங்க, கடைக்காரங்க எல்லாரும் கடுமையா எதிர்த்தாங்க. ஆனாலும் 1974-ல அந்த மாநிலம், காட்டு மீன் தானா பெருகக்கூடிய ஆறுகள்ல ட்ரவுட் குஞ்சு விடறதை நிறுத்திடுச்சு. இன்னைக்கு ட்ரவுட் தூண்டிலுக்கு உலகத்துல முதல்ல சொல்ற இடங்கள்ல மொன்டானாவும் ஒண்ணு.

நம்ம ஏரிக்கு வருவோம்

இப்போ தாம்பரம் நேயருக்குப் பதில். ஏரியும் ஆறும் ஒண்ணு இல்ல. நம்ம பக்கத்து ஏரிகள் மனுஷன் வெட்டினது. கோடையில பல ஏரி வறண்டும் போகும். அங்கே கட்லா, ரோகு, மிர்கால் விட்டு, வளர்த்து, பிடிச்சு விக்கிறது விவசாயம் மாதிரி. இந்த மூணும் கங்கைச் சமவெளி மீன், பிழைப்புக்காகத் தெற்கே கொண்டுவந்தது. ஏலம் எடுத்தவருக்கு வருமானம், நமக்கு மலிவான புரதம். அதைத் தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். "நாட்டு மீன் பெருகட்டும்"னு பேனர் வச்சு கட்லா விட்டா மட்டும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

ஆனா ஏரிக்கு கலங்கல் இருக்கே. பெரும்பாக்கம் ஏரி நிரம்பினா தண்ணி பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகும், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய், கோவளம் முகத்துவாரம். 2015 டிசம்பர்ல இங்கே எது ஏரி எது ரோடுன்னே தெரியல. அந்த மாதிரி வெள்ளத்துல ஏரியில விட்ட மீன் ஏரியிலேயே நிக்குமா? ஜிலேபிக் கெண்டையைப் பாருங்க. ஆப்பிரிக்க மீன். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க, குளத்துல வளர்க்கத்தான். இன்னைக்கு தமிழ்நாட்டுல ஜிலேபி இல்லாத தண்ணியைக் காட்டுங்க பார்ப்போம். எங்க வீட்டுப் பக்கம் கடையில அதை 'ஏரி மீன், லோக்கல் மீன்'னு சொல்லித்தான் விக்கிறாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன்.

அதனால அண்ணா, உங்க ஏரியில விட்டது என்ன மீன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. கவர்ல இருக்கிறது கட்லா, ரோகுன்னா அது மீன் வளர்ப்பு, அதை மீன் பாதுகாப்புன்னு சொல்லாம இருந்தா போதும். ஆப்பிரிக்கக் கெளுத்தின்னா உடனே புகார் பண்ணுங்க, அதை வளர்க்கவே தடை இருக்கு. ஓடுற ஆத்துலயோ மலை ஓடையிலயோ விடப்போறோம்னா, அந்தக் குஞ்சோட அப்பா அம்மா எந்த ஆத்துல இருந்து வந்ததுன்னு கேக்கணும். பதில் தெரியலைன்னா விடாம இருக்கிறதே மேல்.

கடைசியா ஒரு சங்கடமான விஷயம். 2025-ல தமிழ்நாடு அரசு நாலு உயிரினங்களைக் காப்பாத்த 1 கோடி ரூபாய் திட்டம் அறிவிச்சது. சிங்கவால் குரங்கு, சென்னை முள்ளெலி, வரிக் கழுதைப்புலி, நாலாவது நம்ம திமில் மஹ்சீர். இது நல்ல செய்தி. ஆனா இவ்வளவு குறைஞ்சுபோன மீனுக்கு, ஒரு கட்டத்துல, செயற்கையா குஞ்சு பொரிக்க வேண்டி வரலாம். எந்தப் பொரிப்பகத்தைப் பத்தி இவ்வளவு நேரம் குறை சொன்னேனோ, அதே பொரிப்பகம்தான் கடைசிக் கயிறா இருக்கலாம்.

நான் பொரிப்பகத்துக்கு எதிரி இல்ல. ஐ.சி.யூ மாதிரிதான் அது. ஆள் பிழைக்க ஐ.சி.யூ வேணும், ஆனா யாரும் ஐ.சி.யூவுல குடியிருக்க மாட்டாங்க. மோயாறு மீனை வச்சே பொரிக்கணும். ஒவ்வொரு தடவையும் வேற வேற காட்டு மீனை சினைக்கு எடுக்கணும், தொட்டியில பிறந்ததையே திரும்பத் திரும்ப சினைக்கு வைக்கக்கூடாது. ஒவ்வொரு குஞ்சும் டி.என்.ஏ-வுல நீலத்துடுப்பு கலக்காததான்னு பார்க்கணும். இது எல்லாம் முடியும், செலவுதான். ஆனா விடற இடத்துல வெடி நிக்கலைன்னா, கோடையில மடுவுல தண்ணி நிக்கலைன்னா, எத்தனை ஆயிரம் விட்டும் என்ன? முதல்ல குறைஞ்சது எதனாலயோ, விடற குஞ்சும் அதனாலதான் சாகும்.

இன்னொரு விஷயம், இதுக்கு ஒரு பைசா செலவு இல்ல. காவிரிப் படுகையில எந்த மூலையிலயும் இனிமே நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சு விடக்கூடாது. 'மஹ்சீர் விட்டோம்'னு அடுத்த தடவை ஒரு போட்டோ வந்தா, ஜூம் பண்ணித் துடுப்பு நிறத்தைப் பாருங்க. குஞ்சுல அது சரியா தெரியாதுன்னு எனக்கும் தெரியும். அப்போ கமென்ட்ல கேளுங்க, எந்தப் பொரிப்பகத்துல இருந்து வந்ததுன்னு.

தாம்பரம் அண்ணா, மாமாகிட்ட என் வணக்கத்தைச் சொல்லுங்க. அவர் தூண்டில் போடுறவரா? ஆமான்னா, பிடிச்ச மீனையெல்லாம் தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோடு ஒக்கியம் மடுவு பத்தி, ரெண்டு வாரத்துல.